முத்திரைச் சீட்டின் காவல்

நடந்ததென்று வைத்துக்கொண்டாலும் சரி, நடக்காததென்று வைத்துக்கொண்டாலும் சரி. கோவில்பட்டியில் ஒரு வீட்டின் ஜன்னலோர மேஜையில் ஒரு லேப்டாப் இருந்தது. அதன் வயிற்றுக்குள் ஒரு சின்ன ஊரே குடியிருந்தது.

அந்த ஊரில் நினைவுப்பட்டை என்று ஒருத்தி. வீட்டுக்காரர்கள் அவளை ரேம் என்பார்கள். திரையில் திறந்து கிடக்கும் வேலை அத்தனையையும் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நிற்பதுதான் அவள் பாடு. காற்றாடி என்று ஒருவன். உள்ளே சேருகிற சூட்டை வெளியே தள்ளுகிறவன். வாசலில், வயரின் மறுமுனையில், சார்ஜர். அவன் மட்டும்தான் வெளியே காற்றாட இருப்பவன். எதைக் கேட்டாலும் பாதிதான் நம்புவான்.

இவர்களுக்கெல்லாம் காவல் ஒரு முத்திரைச் சீட்டு. கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். லேப்டாப்பின் முதுகில், ஒரு திருகாணியின் தலையை மூடிக்கொண்டு ஒட்டியிருந்தது. உள்ளே இருந்தவர்கள் அதை அண்ணாச்சி என்றே கூப்பிட்டார்கள்.

சீட்டுக்குத் தன் பிறப்பைப் பற்றி ஞாபகம் இருந்தது இவ்வளவுதான். ஒரு கட்டைவிரல் அதை அழுத்தி ஒட்டியது. தலைக்கு மேலே ஒரு குரல் கேட்டது. "இதைப் பிரிச்சா வாரண்டி போச்சு. கம்பெனி கொடுத்த வாக்கு இது இருக்கிற வரைக்கும்தான்."

அந்த நிமிஷத்திலிருந்து சீட்டுக்குத் தூக்கம் இல்லை. எப்போதும் மேஜையைப் பார்த்துக் கவிழ்ந்தே கிடந்ததால், தன் முகத்தில் என்ன அச்சடித்திருக்கிறதென்று அதற்கே தெரியாது. தெரிந்துகொள்ளவும் அது ஆசைப்பட்டதில்லை. குரல் சொன்னது போதும் என்றிருந்தது. நம்மைப் படைத்த கை சொன்ன சொல், அதற்கு மேல் என்ன வேண்டும்?

அதனால் உள்ளே இருந்தவர்களுக்கு அது ஒரே ஒரு சட்டம் போட்டது. சத்தம் வரக் கூடாது.

காற்றாடி வயசுப்பிள்ளை. சூடு ஏறினால் விர்ரென்று சுற்றத்தான் அவன் உடம்பு துடிக்கும். முதல் தடவை அவன் அப்படிச் சுற்றியபோது சீட்டு வெலவெலத்துப் போனது. சத்தம் கேட்டால் என்னவென்று பார்ப்பார்கள், பார்க்க வேண்டுமென்றால் திறப்பார்கள், திறந்தால் நான் கிழிவேன் என்று அவனுக்கு எடுத்துச் சொன்னது.

"நான் கிழிஞ்சா வாக்கு போச்சுடா தம்பி. அப்புறம் உனக்கோ அவளுக்கோ உடம்புக்கு ஏதாவது ஒண்ணுன்னா ஏன்னு கேக்க நாதி கிடையாது. காயலான் கடைதான். சம்மதமா?"

காற்றாடிக்குக் காயலான் கடை எதுவென்று தெரியாது. ஆனால் அண்ணாச்சி அந்தப் பெயரைச் சொன்ன விதத்தில் அவன் இறக்கைகள் விறைத்துப் போயின. அன்றிலிருந்து சூடு எவ்வளவு ஏறினாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகவே சுற்றினான். தூசி இறக்கையில் படிந்தது. அச்சு தேய்ந்தது. அவன் யாரிடமும் சொல்லவில்லை.

நினைவுப்பட்டை அப்படியில்லை, அவளுக்குக் கேட்கத் தெரியும். அவள் பக்கத்திலேயே இன்னொருத்தி நிற்கும் அளவுக்கு ஓர் இடம் இருந்தது. அவள் நிற்கிற இடத்தைப் போலவே பல்வரிசை, அதே கொக்கிகள். ஆளில்லாமல் கிடந்தது.

ஒரு மத்தியானம், கை கடுத்துப்போய் அவள் கேட்டாள். "அண்ணாச்சி, யாரும் வரக் கூடாதுன்னா இந்த இடத்தை எதுக்கு விட்டு வச்சிருக்காங்க?"

சீட்டு இந்தக் கேள்விக்கு எப்போதோ பயந்திருந்தது. பயந்தவர்களிடம் பதில் தயாராக இருக்கும்.

"அது சோதனை. ஆசைப்படுறியான்னு பாக்கத்தான் காலியா வச்சிருக்காங்க. அந்தப் பக்கம் திரும்பாதே."

அவள் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பவில்லை. பயம் பக்தியின் உடுப்பை எடுத்து உடுத்திக்கொண்டு வந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். நாமும்தான் எத்தனை தடவை ஏமாந்திருக்கிறோம்.

வீட்டுக்காரி பெயர் ரூபாவதி. கல்யாண வீட்டுப் படங்களை வாங்கி ஆல்பமாக வடிவமைத்துக் கொடுப்பது அவள் வேலை. முகூர்த்த மாதம் வந்துவிட்டால் ஸ்டூடியோக்காரர் படங்களை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டுவார். தாலி கட்டுகிற படம் ஒன்றை மட்டும் எட்டு விதமாக எடுத்திருப்பார்கள். எல்லாவற்றையும் திறந்து வைத்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியும். நினைவுப்பட்டை ஒருத்தி எத்தனை பேரைத் தூக்குவாள்? மாப்பிள்ளையைத் தூக்கினால் பெண் நழுவினாள். மாமன்மார் வரிசையாக வந்து நின்றால் திரை அப்படியே உறைந்து போனது.

ஒரு நாள், முடிக்கிற தறுவாயில் இருந்த ஆல்பம் ஒன்று உறைந்து, பின்பு இருண்டு, போயே போய்விட்டது. ரூபாவதி ஸ்டூடியோக்காரரை வரச்சொல்லி விஷயத்தைச் சொன்னாள். ஸ்டூடியோக்காரர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை. அடுத்த முகூர்த்தத்துக்குச் சாத்தூரில் ஓர் ஆளைப் பார்த்து வைத்திருக்கிறேன் என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே அவள் புருஷன் தனசேகரிடம், இன்னொரு ரேம் வாங்கி நானே போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

தனசேகர் நல்ல மனுஷன். ஆனால் டிவி ரிமோட்டை வாங்கி வந்த பாலிதீன் உறையோடு ரப்பர் பேண்டு சுற்றி வைத்திருக்கிறவன். லேப்டாப்பின் மேல்மூடியில் கடையில் ஒட்டியிருந்த கண்ணாடித்தாளை இன்னமும் யாரையும் உரிக்க விடவில்லை. வாரண்டி முடிகிற வரைக்கும் கை வைக்காதே என்றான். முடிய இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் கிடக்கிறதே, அதுவரை நான் எதைச் செய்து எதைக் கொடுப்பேன் என்றாள் அவள். பின்பக்கம் சீல் இருக்கிறதே, அதைப் பிரித்தால் கம்பெனிக்காரன் நம்மை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவான் என்றான் அவன்.

மேஜைமேல் கவிழ்ந்து கிடந்த சீட்டு இதைக் கேட்டு நெஞ்சாரக் கும்பிட்டது. இந்த வீட்டில் புத்தியுள்ள ஆள் ஒருவராவது இருக்கிறார்.

ரூபாவதி பேச்சை வளர்க்கவில்லை. கம்பெனியின் எண்ணுக்கே போன் போட்டு, புருஷனும் கேட்கட்டுமென்று சத்தமாக வைத்தாள். உள்ளே ஊரே காதைத் தீட்டிக்கொண்டது.

போனில் பேசிய பெண் லேப்டாப்பின் முதுகில் பொறித்திருந்த எண்ணைக் கேட்டு வாங்கினாள். சரிபார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். இந்த மாடலில் காலியாக இருக்கும் இடத்தில் வாங்கினவர்களே ரேம் சேர்த்துக்கொள்ளலாம். பொருத்தமான வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். போடும்போது எதையாவது உடைத்துவிட்டால் அந்த உடைசலுக்கு மட்டும் நாங்கள் பொறுப்பில்லை. புதிதாகப் போடுகிற பட்டைக்கு அதை விற்றவர்கள் பொறுப்பு. மற்றதற்கெல்லாம் எங்கள் வாக்கு அப்படியே இருக்கும்.

தனசேகர் குனிந்து போனுக்குள் கேட்டான். "அப்ப இந்த சீலு, மேடம்?"

"எந்த சீல் சார்? நாங்க அப்படி எதுவும் ஒட்டுறது இல்லையே."

ரூபாவதி லேப்டாப்பைத் திருப்பினாள். முதல் தடவையாகச் சீட்டின் முகத்தில் வெளிச்சம் பட்டது. பிரித்தால் வாரண்டி இல்லை என்ற கொட்டை எழுத்துக்குக் கீழே கடுகு கடுகாக இருந்ததை அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தாள். லேப்டாப் வாங்கிய கடையின் பெயர் அது. தாங்கள் விற்ற பொருளை வேறு கடைக்காரன் திறந்து பார்த்தானா என்று தெரிந்துகொள்ள அவர்கள் ஒட்டிக்கொள்கிற அடையாளம்.

முதலில் சார்ஜர்தான் தொண்டையைக் கனைத்தான்.

"அண்ணாச்சி, அப்ப உங்களை ஒட்டினது நம்மளைச் செஞ்சவங்க இல்லையா?"

சீட்டுக்கு உடம்பெல்லாம் பசை இளகுவதுபோல் இருந்தது. இருந்தாலும் விடவில்லை. போனில் கேட்டது ஏமாற்றுக் குரல், ஆழம் பார்க்கிறார்கள், நம்பினால் செத்தோம் என்றது. இத்தனை நாள் சொன்ன குரலைவிட அதன் குரல் இப்போது பெரிதாக இருந்தது. பொய்யென்று அதற்கே லேசாகத் தெரிந்துவிட்டதால் இருக்கலாம்.

புதிய பட்டை வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, வீடு கூட்டி, விளக்கேற்றி, ரூபாவதி மேஜைக்கு வந்தாள். லேப்டாப்பை அணைத்துச் சார்ஜர் வயரை உருவினாள். கழுவித் துடைத்த இட்லித் தட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்தாள். எந்த மூலைத் திருகாணியோ அதற்கு அந்த மூலைக் குழி. நீளமும் குட்டையும் இடம் மாறினால் பலகையைக் குத்திவிடும் என்று அவளுக்குத் தெரியும். திருப்புளியைக் கையில் எடுத்தவள் ஒரு நிமிஷம் கண்ணை மூடி, "கழுகுமலையானே, கை நடுங்காம பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லிக்கொண்டாள்.

சீட்டு திருப்புளியைப் பார்த்தது. அதன் நுனியைப் பார்த்தது. கிழிந்தாலும் பாதியாவது இங்கேயே ஒட்டிக்கொண்டு கிடக்க வேண்டும், குற்றத்துக்குச் சாட்சி வேண்டும் என்று முடிவுகட்டி, இருந்த பசையையெல்லாம் கூட்டிப் பிடித்துக்கொண்டது.

அவள் சுரண்டவில்லை. டம்ளரில் வெந்நீர் எடுத்து வந்தாள். டம்ளரின் அடியை முந்தானையில் துடைத்துவிட்டு, சீட்டின்மேல் ஒற்றி ஒற்றி எடுத்தாள், வீங்கின கன்னத்துக்கு ஒத்தடம் கொடுப்பதுபோல. கத்தியை எதிர்பார்த்துக் காத்திருந்த சீட்டுக்கு இதை எப்படி எதிர்ப்பது என்று தெரியவில்லை. பிடி தளர்ந்தது. நகக்கண்ணால் நெம்பியதும் முழுசாகக் கையோடு வந்துவிட்டது.

அடியிலிருந்த திருகாணிக்கு வெளிச்சம் பட்டுக் கண் கூசியது. மற்ற திருகாணிகளைப் போல அதுவும் சாதாரணத் திருகாணிதான்.

சீட்டைத் தூக்கிப்போட தனசேகருக்கு மனசு வரவில்லை. இட்லித் தட்டின் ஓரத்தில் ஒட்டி வைத்தான். அங்கிருந்து சீட்டு எல்லாவற்றையும் பார்த்தது. பழைய ஏடிஎம் கார்டை விளிம்பில் நுழைத்து அவள் மூடியை விடுவித்தாள். டப் டப்பென்று ஒவ்வொரு கொக்கியும் விட்டபோதெல்லாம், எலும்பு முறிகிறதென்று சீட்டு நினைத்தது. தனசேகரும் அப்படித்தான் நினைத்தான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் பேட்டரியின் இணைப்பை எடுத்தாள். உடம்பிலுள்ள மின்சாரம் இறங்கட்டுமென்று ஜன்னல் கம்பியைத் தொட்டாள். பிறகுதான் உள்ளே கை வைத்தாள்.

பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டிக்கொண்டே வந்தவள் காற்றாடியிடம் நின்றாள். இறக்கையை விரல் நுனியால் மெல்லச் சுழற்றிப் பார்த்தாள்.

அதுதான் தருணம். காற்றாடி அப்போது ஒரு முனகல் முனகியிருந்தால் போதும். அவளுக்குக் காது கூர்மை, கண்டுபிடித்திருப்பாள். அவனும் முனகத்தான் வாயெடுத்தான். இட்லித் தட்டின் ஓரத்திலிருந்து சீட்டு அவனைப் பார்த்து, மூச்சு விடாதே என்று சைகை காட்டியது. எதற்காக என்று கேட்டிருந்தால் அதற்கே சொல்லத் தெரிந்திருக்காது. காவலும் போய், காக்க வேண்டியதும் இல்லையென்றான பிறகும் பயம் மட்டும் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

காற்றாடி கட்டுப்பட்ட பிள்ளை. அழுத்திக்கொண்டான். நல்லாத்தான் சுத்துது என்று ரூபாவதி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

புதிய பட்டையைச் சாய்வாக நுழைத்து அழுத்தினாள். இரண்டு கொக்கிகளும் கைகோத்ததுபோல் பிடித்துக்கொண்டன. பழையவள் அவ்வளவு காலம் கழித்து அந்தப் பக்கம் திரும்பினாள். அங்கே தன்னைப் போலவே ஒருத்தி நின்றாள்.

"நகருங்க மதினி, பாதியை எங்கிட்ட குடுங்க" என்றாள் புதியவள்.

பேட்டரி இணைப்பை மாட்டி, எல்லாம் பூட்டியாயிற்று. இட்லித் தட்டு வெறுந்தட்டாயிற்று. தனசேகர் சீட்டை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல், சார்ஜரின் முதுகில் ஒட்டினான். ரூபாவதி பொத்தானை அழுத்தினாள்.

திரை கறுப்பாக இருந்தது.

பொத்தானில் விளக்கு எரிந்தது. ஆனால் திரையில் ஒன்றும் இல்லை. தனசேகர் இட்லித் தட்டில் திருகாணி ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று தேடினான்.    தன் கையாலேயே தன் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டேனே என்று ரூபாவதி நினைத்துக்கொண்டாள்.

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்றது சீட்டு. அதன் குரலில் நடுக்கம் இருந்தது. நடுக்கத்துக்குள் ஒரு துளி சந்தோஷமும் இருந்தது.

உள்ளே பழையவளும் புதியவளும் ஒருவரையொருவர் அளந்து பழகிக்கொண்டிருந்தார்கள். புது ஆள் வந்தால் முதல் தடவை கொஞ்ச நேரம் பிடிக்கும். பிறகு திரை விடிந்தது. ரூபாவதி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தாலி கட்டும் படம் எட்டையும் ஒரே சமயத்தில் திறந்தாள். எட்டும் வந்து நின்றன.

அந்த முகூர்த்தத்தில் ஆல்பம் வேலை சாத்தூர்க்காரர் கைக்குப் போகவில்லை.

ஆனால் தேய்ந்த அச்சு தேய்ந்ததுதானே. ஆடி கழிந்து அடுத்த முகூர்த்த மாதம் தொடங்கிய சமயம், காற்றாடி ஒரு நாள் கரகரவென்று இழுத்தான். அவனால் அதற்கு மேல் பிடித்துவைக்க முடியவில்லை. இரண்டு நாள் இழுத்துவிட்டு நின்றுபோனான். சூடு தாங்காமல் லேப்டாப் தானாகவே அணைந்தது.

தனசேகர் முதலில் தேடியது சார்ஜரைத்தான். அதன் முதுகிலிருந்த சீட்டை உரித்து, பசை தடவி, பழைய திருகாணியின் தலைமேல் ஒட்டிவிடலாம் என்றான். திறந்ததே தெரியாது.

சீட்டு அவனுக்காக உருகிப் பிரார்த்தித்தது.

"வேண்டாங்க" என்றாள் ரூபாவதி. "ஒளிக்கிற மாதிரி நாம ஒண்ணும் செய்யலையே. ஒட்டினாத்தான் செஞ்ச மாதிரி ஆகும்."

சொல்லிவிட்டாளே தவிர, மதுரைக்குப் பஸ்ஸில் போகும் வழியெல்லாம் அவளுக்கும் சந்தேகம் அரித்துக்கொண்டுதான் இருந்தது. ஒருவேளை போனில் பேசிய பெண் தெரியாமல் சொல்லியிருந்தால்? மடியில் லேப்டாப்பும் சார்ஜரும் இருந்த பைக்குள் இரண்டு பட்டைகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள்.

சர்வீஸ் சென்டரில் நடுவயசு மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ரூபாவதி கேட்காமலேயே, ரேம் ஒன்று நான்தான் போட்டேன் சார் என்று சொன்னாள்.  அவர் தலையை ஆட்டினார். லேப்டாப்பைத் திருப்பி முதுகில் பொறித்திருந்த எண்ணைக் கணினியில் தட்டினார். அந்த எண் அவர்களுடைய தொழிற்சாலையில் பொறித்தது. சீட்டு ஒட்டுவதற்கு முன்பே அங்கே இருந்தது, எப்போதும் சீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு நாளும் வாய் திறந்து பேசியதில்லை.

மூடியைத் திறந்து பார்த்தார். பட்டையைச் சுத்தமாகப் போட்டிருக்கிறீர்கள் என்றார். காற்றாடிதான் போய்விட்டது, வெகுகாலம் திணறிக்கொண்டே ஓடியிருக்கிறது, பல மாதம் முன்பே சத்தம் கேட்டிருக்குமே, கேட்கவில்லையா என்றார். இல்லை என்றாள் அவள். வாரண்டி இருக்கிறது, புதிது மாற்றித் தருகிறோம், சாயங்காலம் வாருங்கள் என்றார். தனசேகர் நம்பாமல் இன்னொரு தடவை கேட்டான். அவரும் அலுக்காமல் இன்னொரு தடவை சொன்னார்.

பழைய காற்றாடியைக் கழற்றி மேஜை ஓரத்துத் தகரத் தட்டில் போட்டார். பக்கத்தில் சார்ஜர் கிடந்தான். அவன் முதுகில் சீட்டு.

சீட்டு வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சார்ஜரிடம் கேட்டது. "என்னைப் பத்தி அவர் ஏதாவது கேட்டாராடா?"

"இல்ல அண்ணாச்சி. கேக்கவே இல்ல."

தட்டிலிருந்து காற்றாடி கேட்டுக்கொண்டிருந்தான். காயலான் கடைக்குப் போகிற சாமான்களின் தட்டு அது. அவனுக்கு மேலே இன்னும் எதையோ போட்டார்கள்.

"அப்ப எதுக்கு அண்ணாச்சி நான் அவ்வளவு நாள் மூச்சைப் பிடிச்சிக்கிட்டு இருந்தேன்?" என்றான்.